பண்ணையில் கிரவுண்ட்ஹாக், கையில் எச்-1பி: ரைஃபிள் வாங்கலாமா?

பென்சில்வேனியா மாநிலம் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பதினோரு வருஷமாக எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறார், மனைவி அதைச் சார்ந்த எச்-4 விசாவில். போன வருஷம் பத்து ஏக்கர் நிலத்தோடு பழைய வீடு ஒன்றை வாங்கி, வேலைக்குப் போகும் நேரம் போக மீதி நேரத்தில் சோயாவும் காய்கறியும் போடுகிறார். முளைத்த சோயாவை கிரவுண்ட்ஹாக், அதாவது மண்ணில் வளை தோண்டி வாழும் பெரிய கொறிணி, வரிசை வரிசையாக மேய்ந்துவிட்டது. பண்ணைக் கொட்டகையின் அடித்தளத்துக்குக் கீழேயும் வளை. அவர் கேட்பது இது: "அண்ணா, பக்கத்துப் பண்ணைக்காரர் 'ஒரு .22 ரைஃபிள் வாங்கிக்கொள், சொந்த நிலம்தானே, லைசென்ஸ் வேண்டாம்' என்கிறார். கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் தன் பெயரில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எந்த ரைஃபிள் நல்லது? சுட்டதை என்ன செய்வது, சாப்பிடக்கூடச் செய்கிறார்களாமே?"

தம்பி, எந்த ரைஃபிள் என்பது கடைசிக் கேள்வி. உங்களுக்கு யோசனை சொன்ன இருவருமே நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இருவர் பேச்சைக் கேட்டாலும் நீங்கள் சிறைக்கும் அங்கிருந்து விமானத்துக்கும் போக வேண்டியிருக்கும். இந்த மாநிலத்தில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் நான். நம் பிள்ளைகள் இதே குழியில் விழப்போவதை வருஷம் தவறாமல் பார்க்கிறேன். அதனால் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 என்று தற்காலிக விசாவில் உள்ள எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டரசுச் சட்டம். வாங்கக் கூடாது என்று மட்டும் இல்லை, கையில் வைத்திருக்கவே கூடாது. உங்கள் நிலமா, அடுத்தவர் நிலமா, எத்தனை வருஷம் வரி கட்டினீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. மீறினால் 2022-க்குப் பிறகு அதிகபட்சம் 15 வருஷச் சிறை. அதோடு, துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்துவதற்கும் ஒரு காரணம். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. ஆனால் இந்தியர்களுக்கான அந்த வரிசை எப்படி நகர்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தை வாங்கவும் வரி கட்டவும் ஒருவர் தகுதியானவர், ஆனால் விளைச்சலைக் காக்க ஒரு .22 வைத்திருக்க மட்டும் இருபது வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. புதிதும் இல்லை. குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் வேட்டையாடவும் ரைஃபிள், ஷாட்கன் வைத்திருக்கவும் கூடாது என்று இதே பென்சில்வேனியா 1909-இல் சட்டம் போட்டது. பாட்சோன் என்ற இத்தாலியர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1914-இல் தோற்றார்.

சரி, வழியே இல்லையா? ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால், தற்காலிக விசாக்காரருக்கு அந்தத் தடை பொருந்தாது. அதாவது உங்கள் விஷயத்தில் வேட்டை லைசென்ஸ் என்பது பிராணியைச் சுடுவதற்கான அனுமதி மட்டும் இல்லை. துப்பாக்கியைத் தொடுவதற்கான அனுமதியே அதுதான். பக்கத்துப் பண்ணைக்காரர் 'லைசென்ஸ் வேண்டாம்' என்று சொன்னது அவர் அளவில் உண்மை. விவசாயத்தையே பிழைப்பாகக் கொண்டு அந்த நிலத்திலேயே வசிப்பவருக்கு இந்த மாநிலம் அந்தச் சலுகையைத் தருகிறது. உங்கள் பிழைப்பு கம்ப்யூட்டரில். அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது. கிடைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் சலுகை வேறு, லைசென்ஸ் வேறு. கூட்டரசுச் சட்டம் கேட்பது லைசென்ஸை.

இந்த லைசென்ஸ் எந்த நாளில் செத்துப்போகிறது என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள். பென்சில்வேனியாவில் வேட்டை வருஷம் ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். நீங்கள் ஏப்ரலில் வாங்கினாலும் ஜூன் 30-இல் முடியும். ஜூலை 1 காலையில் புது லைசென்ஸ் இல்லாமல் உங்கள் அலமாரியில் ரைஃபிள் இருந்தால், நேற்றுவரை சட்டப்படி இருந்த அதே ரைஃபிள் இன்று குற்றம். நீங்கள் அதைத் தொடவே வேண்டாம். உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும். ஆகவே அடுத்த வருஷத்து லைசென்ஸ் ஜூன் கடைசியில் விற்பனைக்கு வந்ததும் வாங்கிவிடுங்கள். வருஷா வருஷம். இந்தியா போயிருந்தாலும் அங்கிருந்து ஆன்லைனில் புதுப்பியுங்கள். சீசன் முடிந்துவிட்டதே, இனி எதற்கு 21 டாலர் என்று நினைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். ரைஃபிள் வீட்டில் இருக்கும்வரை உங்களுக்கு சீசன் முடிவதே இல்லை. இன்னொன்று: மீன்பிடி லைசென்ஸ் இதற்கு ஆகாது.

உங்கள் மனைவிக்கும் இதே கதைதான். அவர் பெயரில் தனி லைசென்ஸ் இல்லையென்றால் ரைஃபிள் பெட்டியின் சாவியோ எண்ணோ அவரிடம் இருக்கக் கூடாது. ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்த அப்பாவோ மாமனாரோ ஆசைப்பட்டு 'கொடு, ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேன்' என்றால் கொடுக்காதீர்கள். வாங்கியவருக்கும் குற்றம், தெரிந்தே கொடுத்தவருக்கும் குற்றம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: லாஸ் வேகஸில் வாடகைத் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுட்டு, படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறீர்களே, அந்த அரை மணி நேரமும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி வைத்திருந்த நேரம்தான். வேட்டை லைசென்ஸ் இல்லாத எச்-1பிகாரர் தன் குற்றத்துக்குத் தானே சாட்சிப் படம் போடுகிறார். விசா நிலை பறிபோன ஒரு மாணவர் ஃபுளோரிடாவில் குறிபார்க்கும் மைதானத்தில் சுட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு 2019-இல் வந்தது.

இப்போது அந்த நண்பர். உங்கள் பணத்தில் தன் பெயரில் வாங்கி உங்களிடம் தருவதற்கு இங்கே 'ஸ்ட்ரா பர்ச்சேஸ்' என்று பெயர். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்றொரு கேள்வி இருக்கிறது. அதற்கு அவர் பொய்யாக 'ஆம்' போட வேண்டும். யாருக்காக வாங்குகிறாரோ அவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவராக இருந்தாலும் இந்தப் பொய் குற்றமே என்று 2014-இல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகுதியில்லாதவருக்கு வாங்கித் தந்தால் 2022-இல் வந்த தனிச் சட்டத்தின் கீழ் அவருக்கும் 15 வருஷம் வரை போகலாம். கிரீன் கார்டையும் இழக்க நேரலாம். நட்புக்காக அவரை இதில் இழுக்காதீர்கள். பண்ணைக்காரர் தன் பழைய ரைஃபிளைப் படிவம் எதுவும் இல்லாமல் நேரடியாக விற்கலாம் என்று சொல்லக்கூடும். இந்த மாநிலத்தில் ரைஃபிளுக்கு அது நடக்கும். படிவம் இல்லை என்பதால் உங்கள் மீதுள்ள தடை போய்விடாது.

இடைத்தரகர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விசாக்காரர்களுக்கு லைசென்ஸ், படிவம், கடை எல்லாவற்றையும் 'முடித்துத் தருகிறேன்' என்று 300, 400 டாலர் கேட்கும் ஆட்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களிலேயே உலவுகிறார்கள். ஒரு காசு கொடுக்காதீர்கள். முதல் முறை வாங்குபவருக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு கட்டாயம். நேரில் நடக்கும் வகுப்பு இலவசம், ஒரு நாளில் முடியும். அப்புறம் மாநிலத்தின் வேட்டைத் துறையான கேம் கமிஷனின் தளத்தில் உள்ளூர்வாசிக்கான லைசென்ஸ் சுமார் 21 டாலர். தரகர்கள் செய்யும் வேலை, வகுப்பைத் தவிர்க்க வேறொரு மாநிலத்தில் நீங்கள் குடியிருப்பதாகப் பொய் முகவரி போட்டு லைசென்ஸ் எடுப்பது. பொய் சொல்லி எடுத்தது 'முறையாக வழங்கப்பட்ட' லைசென்ஸ் ஆகாது. அதாவது காசையும் கொடுத்து, உங்களைக் காக்கும் ஒரே காகிதத்தையும் ஓட்டையாக்கிக்கொள்கிறீர்கள்.

கடைக்குப் போகும்போது முகவரியுள்ள ஓட்டுநர் உரிமம், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) எண், வேட்டை லைசென்ஸ் மூன்றும் வேண்டும். லைசென்ஸின் நகலைக் கடைக்காரர் படிவத்தோடு இணைப்பார். விசாக்காரரைக் கண்டதும் 'முடியாது' என்று சொல்லும் கடைகள் ஏராளம். படிவத்திலேயே இந்த விலக்குக்கென்று ஒரு கேள்வி அச்சடித்திருக்கிறது, அதைப் படிக்காமலே திருப்பி அனுப்புகிறார்கள். சண்டை போடாதீர்கள், அடுத்த கடைக்குப் போங்கள். பின்னணிச் சோதனை நமக்கு அடிக்கடி தாமதமாகும். காத்திருங்கள்.

இத்தனையும் வேண்டாம் என்றால் காற்றழுத்தத்தால் சுடும் .22 அளவு ஏர் ரைஃபிள் இருக்கிறது. கூட்டரசுச் சட்டப்படி அது துப்பாக்கி இல்லை. ஆனால் கிரவுண்ட்ஹாக்கைச் சுட மாநில லைசென்ஸ் அதற்கும் வேண்டும். முப்பது நாற்பது கெஜத்துக்குள் தலையில் சுடத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நிலம். குடியிருக்கும் எந்தக் கட்டடத்திலிருந்தும் 150 கெஜத்துக்குள், அதாவது 137 மீட்டருக்குள், அங்கே வசிப்பவரின் முன் அனுமதி இல்லாமல் சுடக் கூடாது. உங்கள் பத்து ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 200 மீட்டர்தான். எதிரெதிர்ப் பக்கங்களில் வேலியிலிருந்து 30 மீட்டர் தள்ளி ஆளுக்கொரு வீடு இருந்தால், நிலத்தின் நடுப்புள்ளிகூட இரண்டு வீட்டின் எல்லைக்குள்ளும் விழுகிறது. ஆகவே ரைஃபிளுக்கு முன்னால் இரண்டு வீட்டுக் கதவையும் தட்டி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் ரைஃபிள் பேச்சை விட்டுவிட்டு வேலிக்குப் போங்கள்: நான்கடி உயரக் கம்பிவலை, அடிப்பகுதி ஓரடி மண்ணுக்குள் வெளிப்புறமாக மடங்கியிருக்க வேண்டும். மேல் விளிம்பைத் தூணில் இறுக்கிக் கட்டாமல் தொய்வாக விடுங்கள், ஏறும்போது வளைந்து அதைக் கீழே தள்ளிவிடும். காய்கறிப் பாத்திக்கு இது போதும், சோயாவுக்குக் கட்டுப்படியாகாது. ஃபிலடெல்பியாவை ஒட்டிய கவுண்டிகளில் துப்பாக்கி வகைக்கே தனி விதிகள் உண்டு. பெர்க்ஸில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அனுமதி கிடைத்தால், சின்ன நிலத்துக்கு .17 எச்.எம்.ஆர். என்ற சின்னத் தோட்டாவைச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் என்பதே என் யோசனை. எல்லோரும் சொல்லும் .22 லாங் ரைஃபிள் மலிவு, சத்தம் குறைவு. ஆனால் அதன் 40 கிரெயின் (குண்டின் எடை அளவு) ஈயக் குண்டு மெதுவாகப் போகும். கல்லிலோ இறுகிய மண்ணிலோ பட்டால் தெறித்து வேறு திசையில் ஓடும். குறி தப்பினால் ஒரு மைலுக்கு மேலும் போகும். நான்கைந்து கிலோ எடையுள்ள, உயிர் கெட்டியான பிராணியை 75 கெஜத்துக்கு அப்பால் அதால் சுட்டால் காயத்தோடு வளைக்குள் போய்ச் சாகும். அது பாவம். .17 எச்.எம்.ஆரின் 17 கிரெயின் குண்டு விநாடிக்குச் சுமார் 2,550 அடி வேகத்தில் போய்ப் பட்ட இடத்திலேயே நொறுங்கிவிடும். தெறிப்பு மிகக் குறைவு. காற்று இல்லாத நாளில் 150 கெஜம் வரை நம்பலாம். இன்னும் வலுவான .223 ரைஃபிள் முந்நூறு கெஜத்துக்கு ஆனது, உங்கள் நிலமே அவ்வளவு இல்லை.

எதில் சுட்டாலும் பிராணிக்குப் பின்னால் மண் தெரிய வேண்டும். வளை வாயில் குவிந்திருக்கும் மண்மேடும் சரிவும் நல்ல தடுப்பு. மேட்டு விளிம்பில் வானத்தை ஒட்டி அது நிமிர்ந்து நிற்கும்போது எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விசையைத் தொடாதீர்கள். காரிலிருந்தோ டிராக்டரிலிருந்தோ சுடக் கூடாது.

கிரவுண்ட்ஹாக் குளிர்காலம் முழுக்கத் தூங்கிவிட்டு பிப்ரவரி, மார்ச்சில் வெளியே வரும். ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடும், சராசரி நான்கு. அந்த நேரத்தில் தாயைச் சுட்டால் குட்டிகள் மண்ணுக்குள் பட்டினி கிடந்து சாகும். மார்ச்சில் புல் குட்டையாக இருக்கும்போது சுடுங்கள், இல்லையென்றால் குட்டிகள் பிரிந்து போகும் ஜூலைவரை பொறுங்கள். காலையும் மாலையும்தான் மேயும். ஒரு வளைக்கு இரண்டு மூன்று வாய்கள் உண்டு, ஒன்று மண் குவியாமல் புல்லுக்குள் மறைந்திருக்கும். பூச்சி, பிராணி ஒழிப்பு ஆட்கள் துளைக்கு இவ்வளவு என்று பில் போடும்போது இதை நினைவில் வையுங்கள். நான்கு துளை என்றால் நான்கு பிராணி இல்லை. பிடித்து வேறு இடத்தில் விடுவதாகச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அமெரிக்காவில் கொறிணிகளிலேயே அதிகமாக ரேபிஸ் கண்டறியப்படுவது இதில்தான். பகலில் தள்ளாடுவதோ ஆளைக் கண்டு ஓடாததோ இருந்தால் கிட்டப் போகாமல் கேம் கமிஷனைக் கூப்பிடுங்கள்.

சுட்டதைக் கையுறை போட்டே எடுங்கள், உண்ணி இருக்கும். சாப்பிடாவிட்டால் ஆழமாகப் புதையுங்கள். ஈயத் துணுக்குள்ள உடலை வயலில் விட்டால் பருந்தும் கழுகும் தின்று நஞ்சேறும். சாப்பிடுவது உண்மைதான், இங்குள்ள பழைய பண்ணை வீடுகளில் வழக்கம். அணில் குடும்பம், பெரும்பாலும் இலைதழை தின்பது. அந்தக் கோடையின் இளசாகப் பாருங்கள். முன்னங்கால் அக்குளிலும் இடுப்பின் மேற்புறத்திலும் இருக்கும் சின்னச் சுரப்பிகளைத் தோலுரித்ததும் வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கறி முழுக்க வாடை ஏறிவிடும். உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, மிளகு தூக்கலாகப் போட்டு மெதுவாக வேகவிடுங்கள். ஆட்டுக்கறியைவிட அதிக நேரம் பிடிக்கும்.