நேப்பிள்ஸில் இரண்டு நாள்: முட்டிவலி அம்மாவோடு, சைவமாக

வணக்கம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் திங்கள், செவ்வாய் இரண்டே நாள், அம்மாவுக்கு முட்டிவலி, சுத்த சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கிழமையைக் கவனியுங்கள். தேசியத் தொல்லியல் அருங்காட்சியகமும் சான்செவேரோ சிற்றாலயமும் செவ்வாயன்று மூடியிருக்கும். இரண்டையும் திங்களிலேயே முடித்துவிடுங்கள். சிற்றாலயத்துக்கு இணையத்தில் முன்பதிவு கட்டாயம் செய்யுங்கள். அங்கே 1753-ல் சன்மார்த்தினோ என்ற சிற்பி செதுக்கிய கிறிஸ்து சிலையில், மெல்லிய துணி போர்த்தியதுபோல் தெரிவதும் பளிங்குதான். அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்!

செவ்வாய்க்குப் பாம்பேய், வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரம். ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அங்கே தெருவெல்லாம் மேடுபள்ளமான கல். ஆம்பிதியேட்டர் பக்க வாசலில் தொடங்கும் தடையில்லாப் பாதையைப் பிடியுங்கள், அம்மாவுக்கு அதுதான் சரி. நிலத்தடி நேப்பிள்ஸ் சுற்றுலாவை விட்டுவிடுங்கள். நூற்றுக்கும் மேல் படிகள், குறுகலான வழி. அதற்குப் பதில் கேபிள் ரயிலில் வோமேரோ மேட்டுக்குப் போனால் வெசுவியஸ் மலையும் வளைகுடாவும் ஒருசேரத் தெரியும்.

சாப்பாடு பற்றிப் பயப்படாதீர்கள். மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே, சீஸ்கூட இல்லை. ஏமாற்றுவது வேறு இரண்டு: பொரித்த பீட்சாவில் பெரும்பாலும் பன்றிக்கறித் துணுக்கு இருக்கும், ஸ்ஃபோலியாதெல்லா என்ற சிப்பி வடிவ இனிப்புப் பண்டத்தின் மொறுமொறு அடுக்குகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 'ஸ்த்ருத்தோ' இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், பன்றிக்கொழுப்புக்கு அங்கே அதுதான் பெயர்.