விதைநெல்லும் நாற்றங்காலும்

அன்புள்ள ஐயா,

பல ஆண்டுகளாக மிச்சிகனில் வசிக்கிறேன். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஆட்டங்களை மகனோடு உட்கார்ந்து பார்த்துத்தான் பேஸ்பாலைக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு ஜூலையிலும் எங்கள் வீட்டில் ஒரே வழக்கு. அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடு அந்த மாதக் கடைசியையொட்டி முடிகிறது அல்லவா? அனுபவமுள்ள ஒரு பிட்சரை, அதாவது பந்துவீச்சாளரை, வாங்கினால் இந்த ஆண்டே கோப்பைக்குப் போட்டியிடலாம் என்பது என் கட்சி. அதற்கு விலையாக மைனர் லீகில், அதாவது கீழ்நிலை அணிகளில், வளரும் பையன்களைக் கொடுக்கவே கூடாது என்பது அவன் கட்சி. "1987-ல் ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இளம் பிட்சரைக் கைவிட்ட ஊர் இது, மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுகிறான். விதைநெல்லைக் குத்திச் சமைத்த கதைதானே அது? நீங்கள் யார் பக்கம்?

எஸ்., மிச்சிகன்

*

அன்புள்ள எஸ்.,

இளவயதுப் பையன்கள் நேற்றைய ஆட்டத்தைத் தாண்டி யோசிப்பது அரிது. உங்கள் மகன் 1987-ஐ எடுத்து வைத்து வாதாடுகிறான் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கதையைப் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்கும் சேர்த்து முழுதாகச் சொல்கிறேன்.

பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஏறத்தாழ நூறு பந்துகள் வரை ஒருவராகவே வீசுகிறார். கிரிக்கெட்டைப் போல ஓவருக்கு ஓவர் இன்னொருவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மூச்சுவிட முடியாது. வீசி முடித்தால் நான்கு நாள் ஓய்வு. அதனால் ஒரு அணிக்கு இப்படி ஐந்து பேர் தேவை, நல்லவர்களாக ஐந்து பேர் யாரிடமும் இருப்பதில்லை. எனவேதான் கோடை நடுவில் இந்தப் பேரம். ஓர் அணி தன் இளைஞர்களைக் கொடுத்து இன்னோர் அணியின் முதிர்ந்த வீரரைப் பெறுகிறது. பெரும்பாலும் யாரும் அந்த வீரர்களின் சம்மதத்தைக் கேட்பதில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் ஊரே மாறிவிடுகிறது.

1987 ஆகஸ்ட் 12 அன்று (2018 வரை ஆகஸ்டிலும் மாற்றிக்கொள்ள வழி இருந்தது) அப்படி ஓர் அழைப்பு இருபது வயது ஸ்மோல்ட்ஸுக்கு வந்தது. அவர் மிச்சிகன் மண்ணில் பிறந்தவர், டைகர்ஸ் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா டைகர் ஸ்டேடியத்தில் வேலை பார்த்தவர். அந்த அணிக்காக ஒரு நாள் வீசுவதுதான் பையனின் கனவு. அதைக் கலைத்து அவரை அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டு, 36 வயது டாயில் அலெக்சாண்டரை டெட்ராய்ட் வாங்கிக்கொண்டது.

அலெக்சாண்டர் என்ன செய்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. 11 ஆட்டங்களைத் தொடங்கினார். ஒன்பது வெற்றி, தோல்வியே இல்லை. ஒரு முழு ஆட்டத்துக்கு, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு, அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக 1.53 ரன்கள்தாம். டெட்ராய்ட் தன் பிரிவின் முதலிடத்தை டொராண்டோவை முந்தி உறுதிசெய்தது பருவத்தின் கடைசி நாளில், இரண்டே ஆட்ட வித்தியாசத்தில். அந்த ஒன்பது வெற்றிகளில் மூன்றை எடுத்துவிட்டால் அக்டோபரே இல்லை, அதாவது கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுகளே இல்லை. அடுத்த சுற்றில் மின்னசோட்டாவிடம் தோற்றார்கள், அலெக்சாண்டரே இரண்டு ஆட்டங்களில் அடி வாங்கினார் என்பதும் உண்மை. ஆனால் வாங்கிய காரியத்தை அவர் முடித்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு டைகர்ஸ் பிளே-ஆஃப் வாசலை மிதித்தது 2006-ல்தான். 19 ஆண்டுகள் பட்டினி கிடந்த ஊருக்கு அந்த 1987 செப்டம்பர் கடைசி விருந்தாக இருந்தது. அதை வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

எதிர்க்கணக்கில் வைக்கப்படுவது ஸ்மோல்ட்ஸின் 213 வெற்றிகள், 154 சேவ்கள் (கடைசியில் வந்து வீசி அணியின் வெற்றியைக் காத்தவை), சிறந்த பிட்சருக்கான 1996-ன் சை யங் விருது, 2015-ல் பேஸ்பாலின் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேம். இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அந்த 213 வெற்றிகளும் டெட்ராய்டிலும் கிடைத்திருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். 1987-ல் டெட்ராய்டின் இரண்டாம் நிலை மைனர் அணியில் ஸ்மோல்ட்ஸின் கணக்கு என்ன தெரியுமா? நான்கு வெற்றி, பத்துத் தோல்வி, சராசரி 5.68. அடுத்த ஆண்டு அட்லாண்டா அவரைப் பெரிய அணிக்கு அழைத்தபோதும் இரண்டு வெற்றி, ஏழு தோல்வி. அங்கே அவருக்குக் கிடைத்தது வேறொன்று. தோற்ற பிறகும் ஐந்தாம் நாள் பந்து அவர் கைக்கு வந்தது.

நீங்கள் விதைநெல் என்றீர்கள். நல்ல சொல். ஆனால் விதைநெல்லைக் கோட்டையில் கட்டி வைத்தால் போதுமா? நாற்றங்கால் உழுதிருக்க வேண்டும், தண்ணீர் நிற்க வேண்டும், வயிறு காய்ந்தாலும் அறுப்புவரை காத்திருக்கும் மனம் அந்தக் குடும்பத்துக்கு வேண்டும். அட்லாண்டா காத்திருந்தது. எப்படிக் காத்திருந்தது என்று பாருங்கள்: 1988-ல் 106 தோல்வி, 1989-ல் 97, 1990-ல் மறுபடியும் 97. மூன்று ஆண்டுகளில் சரியாக 300 தோல்விகள், மூன்று முறையும் கடைசி இடம். 1988-ல் அவர்களுடைய இளம் பிட்சர் டாம் கிளாவின் ஏழு வென்று பதினேழு தோற்றார். 1990-ல் இன்னோர் இளம் பிட்சர் ஸ்டீவ் ஏவரி மூன்று வென்று பதினொன்று தோற்றார். இருவரையும் அப்போதே சந்தைக்கு அனுப்பியிருக்கலாம், கேட்க ஆளும் இருந்திருக்கும். ஸ்மோல்ட்ஸை வாங்கிய பாபி காக்ஸ் அப்போது பொது மேலாளர். 1990 நடுவில் அவரே களத்துப் பொறுப்பையும் ஏற்று, லியோ மசோனியைப் பந்துவீச்சுப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டார். மசோனியின் முறை எளிது. ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் வழக்கமாக ஒரு முறை வீசிப் பழகுவார்கள். அவர் இரண்டு முறை வீசவைத்தார், ஆனால் முழு விசையோடு அல்ல. கை பழக வேண்டும், களைக்கக் கூடாது. 1991-ல் கிளாவின் 20 வெற்றிகள், ஏவரி 18, கடைசி இடத்து அணி நேராகக் கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரில்.

இளம் பிட்சரை நம்புவது என்பதற்கு நான் கண்ட பொருள் அந்த 300 தோல்விகள். அவற்றைச் சுமக்க மனமில்லாத நிர்வாகம் இளைஞர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதை நான் நம்பிக்கை என்று ஏற்க மாட்டேன்.

காத்திருந்தாலும் எல்லா நாற்றும் பிழைப்பதில்லை. ஏவரியும் மிச்சிகன்காரர்தான். 1991-ல், 21 வயதில், பிட்ஸ்பர்க்குக்கு எதிரான பிளே-ஆஃப் தொடரில், 1-0 என்ற கணக்கில் இரண்டு ஆட்டங்களை வென்று சிறந்த வீரர் விருது பெற்றார். 1993-ல் உடம்பு காயப்பட்டது. அந்த வீச்சு பிறகு திரும்பவேயில்லை. வாஷிங்டன் அணி இளம் பிட்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கைக் கண்ணின் இமைபோலக் காத்தது. முழங்கைத் தசைநார் அறுவை முடிந்து வந்தவர் என்பதால், 2012-ல் அணி முதலிடத்தில் இருக்கும்போதே 159 இன்னிங்ஸ் சொச்சத்தோடு அவரை நிறுத்தி உட்காரவைத்தது. அந்த அக்டோபரில் அவர் இல்லாமல் தோற்றது. அதற்காக ஊரே ஏசியது. 2019-ல் அதே ஸ்ட்ராஸ்பர்க் உலகத் தொடரை வென்று கொடுத்து அதன் சிறந்த வீரரானார். உடனே ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதன் பிறகு அவரால் வீச முடிந்தவை எட்டே ஆட்டங்கள். மனித முழங்கை மணிக்கு நூறு மைல் வேகத்துக்காகப் படைக்கப்பட்டதல்ல. இளையவர் கை, முதியவர் கை என்று அது பார்ப்பதில்லை.

உங்கள் மகனிடம் 2017-ஐப் பற்றியும் கேளுங்கள். சரியாக 30 ஆண்டுகள் கழித்து டெட்ராய்ட் மறுகரையில் நின்றது. அப்போதிருந்த ஆகஸ்ட் 31 நள்ளிரவுக் கெடு முடிய நொடிகளே இருக்கும்போது, 34 வயது பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டரை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு மூன்று இளைஞர்களைப் பெற்றது. அவர்களில் பிட்சர் 19 வயது பிராங்க்லின் பெரெஸ். தோள் அவரை விடவில்லை, டெட்ராய்ட் சீருடையில் பெரிய லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. வெர்லாண்டரோ ஐந்து ஆட்டங்களில் ஐந்தையும் வென்று அணியை உலகத் தொடருக்கு இழுத்துச் சென்றார். ஹூஸ்டன் கோப்பையை வென்றது. (மட்டையாளர்கள் எதிரணியின் சைகைகளைத் திருடிப் பார்த்த கறை அந்தக் கோப்பையின்மேல் பின்னர் படிந்தது. அது வெர்லாண்டரின் கையால் வந்ததல்ல என்பதால் இங்கே சேர்க்கவில்லை.) அதன் பிறகும் அவர் அங்கே இரண்டு சை யங் விருதுகள் பெற்றார். ஆக, முதியவரை வாங்கியவன் எப்போதும் ஏமாந்தவன் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

என் பக்கத்தைக் கேட்டீர்கள். கெடு நெருங்கும்போது முதலிடத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் அணி, ஓர் இளம் பிட்சரைக் கொடுத்து நல்ல முதியவரை வாங்கலாம். வாங்கவும் வேண்டும். முப்பத்தைந்து வயதைத் தொடும் மற்ற வீரர்களுக்கு அடுத்த ஆண்டு என்ற ஒன்று உறுதியில்லை. ஆனால் ஒருவரைக் கொடுக்கலாம், மூவரைக் கொடுக்கக் கூடாது. எட்டாத தூரத்தில் இருக்கும் அணி ஒருவரையும் கொடுக்கக் கூடாது. இதில் நான் உங்கள் மகனோடு நிற்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டாவது பிழைதான் அடிக்கடி நடக்கிறது. மேலாளர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பையனின் பத்து ஆண்டுகளைக் கொடுத்துவிடுகிறார்.

1991 அக்டோபர் 27 அன்று மினியாபொலிஸில் நடந்த உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை இருவரும் சேர்ந்து பாருங்கள். ஒரு பக்கம் 24 வயது ஸ்மோல்ட்ஸ். எதிரே 36 வயது ஜாக் மோரிஸ். டெட்ராய்டில் 14 பருவங்கள் வீசியவர், ஸ்மோல்ட்ஸ் சிறுவனாக இருந்தபோது பார்த்து வியந்த அதே மோரிஸ். ஸ்மோல்ட்ஸ் எட்டாவது இன்னிங்ஸ் வரை ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. மோரிஸ் பத்து இன்னிங்ஸ் வீசினார், அவரும் ஒரு ரன் கொடுக்கவில்லை. பத்தாவதில் மின்னசோட்டா 1-0 என்று வென்றது. இருவருமே டெட்ராய்ட் தொலைத்தவர்கள்.

டெட்ராய்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் டொலீடோ வந்துவிடும். டைகர்ஸின் மைனர் அணி மட் ஹென்ஸ் அங்கே ஆடுகிறது. அடுத்த முறை ஜூலைச் சண்டை தொடங்கும்போது மகனை அங்கே அழைத்துப் போங்கள். மைதானம் சிறியது, பிட்சரின் முகம் தெரியும் தூரத்தில் உட்காரலாம். நான்கைந்து ரன்கள் கொடுத்து, அடுத்த இன்னிங்ஸுக்கு மறுபடி நடந்துவரும் ஒரு பையனைப் பார்த்து வையுங்கள். அவனைக் கொடுக்கலாமா என்று உங்கள் மகன் என்ன சொல்கிறான் என எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.