மழை பெய்தும் கழுவப்படாத குப்பைமேடு

கேள்வி: சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். முதல் மழைக்கு மேட்டின் ஓரத்தில் கறுப்பாக நீர் கசிகிறது. மழை வலுத்தால் நிறம் வெளுத்துவிடுகிறது. இத்தனை வருட மழையில் அழுக்கெல்லாம் கழுவிப் போயிருக்காதா?

பதில்: போயிருக்காது. நிறம் வெளுக்கிறதென்றால், மழைநீர் குப்பைக்குள் குறுக்குவழியில் ஓடுகிறது என்று அர்த்தம்.

மணலில் ஊற்றிய நீர் ஓரளவு சீராக இறங்கும். குப்பையில் அது நடக்காது. உள்ளே விரிந்து கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் ஷீட் போதும்: மேலே நீர் தேங்கும், அடியில் காய்ந்தே கிடக்கும். தேங்காய் மட்டை, டயர், கட்டட இடிபாடு இவற்றின் இடுக்குகள் வாய்க்காலாகிவிடும். பெருமழையின் பெரும்பங்கு அந்த வழியாகவே வெளியேறுகிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே குழுவினர் அமெரிக்கக் குப்பைமேடுகளைத் தோண்டியபோது, பல பத்தாண்டு பழைய செய்தித்தாள்கள் படிக்கும் நிலையிலேயே கிடைத்தன.

முடிச்சுப் போட்ட கேரி பேக்குக்குள் அழுகிய சோற்றுநீரை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் அதைத் தொட்டும் தொடாமலும் போகிறது. உள்ளிருக்கும் உப்பும் அம்மோனியாவும் மெல்ல மெல்லப் பரவித்தான் ஓடும் நீரில் சேர முடியும். மழையில்லாத மாதங்களில் அப்படிச் சேர்ந்து ஊறியதைத்தான் முதல் மழை தள்ளிக்கொண்டு வருகிறது. அதனால்தான் அந்தக் கறுப்பு.

வெளுத்த நீரை நம்பவும் கூடாது. 1 ஹெக்டேரில் 100 மி.மீ. மழை என்றால் 10 லட்சம் லிட்டர். செறிவு கால்பங்காகக் குறைந்து அளவு பத்து மடங்கானால், வெளியேறும் மாசு இரண்டரை மடங்கு!

புதுக் குப்பையின் கசிவுநீரில் அமிலமும் அழுகும் பொருளும் அதிகம். சில ஆண்டுகளில் மீத்தேன் உருவாகத் தொடங்கியதும் அவை குறையும். அம்மோனியா குறையாது. காற்றில்லாத உட்பகுதியில் அதைச் சிதைக்க வழியில்லை. பல பத்தாண்டு வந்துகொண்டே இருக்கும்.

2016ஆம் ஆண்டில் வந்த திடக்கழிவு விதிகள், புதுக் கிடங்கின் அடியில் 90 செ.மீ. களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டியான பிளாஸ்டிக்) விரிப்பு வேண்டும் என்றன. பெருங்குடி, கொடுங்கையூர் மேடுகள் அந்தக் காலத்துக்கு முந்தியவை. அடியில் எந்த விரிப்பும் இல்லை. மேற்பரப்பைச் சரிவாக்கி மண் மூடி மழையை உள்ளே விடாமல் தடுத்தால் கசிவு குறையும். தோண்டிப் பிரித்து அகற்றினால்தான் மூலமே போகும்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் இந்தக் கசிவு கலந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: குளோரைடு, அம்மோனியா, பொட்டாசியம் மூன்றையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். குளோரைடை மட்டும் பார்த்தால் சென்னையில் ஏமாந்துபோவோம். கடல்நீர் உட்புகுந்தாலும் அது ஏறும். கடல்நீரில் குளோரைடு பொட்டாசியத்தைப் போல் சுமார் 50 மடங்கு. உங்கள் நீரில் அந்த விகிதம் வெகுவாகக் குறைந்து, அம்மோனியாவும் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.5 மி.கி.யைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. செப்டிக் டேங்க் கசிவும் கிட்டத்தட்ட இதே குணம் காட்டும். அதனால் மேட்டிலிருந்து தள்ளி, நிலத்தடி நீர் மேட்டை நோக்கி வரும் பக்கத்தில் உள்ள ஒரு கிணற்று நீரையும் கூடவே கொடுத்து ஒப்பிடுங்கள்.

மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, தொட்டியிலிருந்து அல்லாமல் போர் குழாயிலிருந்தே பிடியுங்கள். அதே நீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். தாமதித்தால் அம்மோனியா அளவு மாறிவிடும்.

முடிவு வரும்வரை குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். காய்ச்சினால் கிருமிதான் சாகும். உப்பும் உலோகமும் நீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும்.