ஏஞ்சல் மீன் முட்டையைத் தின்றுவிடுகிறதா? கேள்விகளும் பதில்களும்

அண்ணா, என்னிடம் ஒரு அடி உயரத் தொட்டி இருக்கிறது. நான்கு ஏஞ்சல் விடலாமா?

வேண்டாம் தம்பி. ஏஞ்சலுக்கு நீளத்தைவிட உயரம்தான் முக்கியம். அமேசான் ஆற்றில் ஓட்டம் குறைந்த இடங்களில், வேர்களுக்கும் செடித் தண்டுகளுக்கும் நடுவே நுழைந்து திரிவதற்கென்றே அமைந்த தட்டையான உடம்பு அதற்கு. நன்றாக வளர்ந்தால் மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ் நுனி வரை 20 செ.மீ.க்கு மேல் வரும். உங்கள் தொட்டியில் மணலும் மேலே விடும் இடைவெளியும் போக மிஞ்சும் தண்ணீரில் துடுப்பு வளைந்துபோகும். 18 அங்குல உயரமும் சுமார் நூறு லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டி வாங்குங்கள்.

ஆண், பெண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் "ஜோடி" என்று கொடுத்தார்கள்.

முட்டையிடும் நேரம் தவிர வெளித்தோற்றத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அடிவயிற்றில் சிறு குழாய் நீளும். மெல்லியதாகவும் கூராகவும் இருந்தால் ஆண், தடித்து மழுங்கியிருந்தால் பெண். தொட்டியில் முட்டை போட்டதைக் கண்ணால் பார்த்தாலொழிய ஜோடி என்ற பேச்சை நம்பாதீர்கள். ஆறு குட்டிகள் வாங்கி ஒன்றாக வளர்த்தால் எட்டு, பத்து மாதத்தில் அவையே ஜோடி சேரும். இரண்டு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்ட ஆரம்பித்தால் அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

மூன்று முறை முட்டை போட்டும், மறுநாள் காலையில் ஒன்றுகூட இல்லை. மனசு விட்டுப்போச்சு சார்.

விட்டுவிடாதீர்கள். என் முதல் ஜோடி ஐந்து முறை தின்றது. ஆறாவது முறைதான் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு திரிந்தது. அந்தக் காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை. புது ஜோடிக்குப் பழக்கம் வரச் சில முறை ஆகும். தொட்டியில் வேறு மீன் இருந்தாலோ, ஆட்கள் அடிக்கடி எட்டிப் பார்த்தாலோ, இரவில் விளக்கு திடீரென்று அணைந்தாலோ அவை மிரண்டு தின்றுவிடும். மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி, இரவில் மங்கலான ஒரு விளக்கு எரியவிடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக முட்டையை எடுத்துத் தனியாகப் பொரிக்கிறார்கள். குட்டி காக்கும் குணம் இருக்கிறதா என்று பார்த்துத் தாய்மீனைத் தேர்ந்தெடுப்பதில்லை.

பொறுமை இல்லையென்றால் நீங்களும் எடுத்துப் பொரிக்கலாம். முட்டை ஒட்டிய இலையையோ பிவிசி குழாய்த் துண்டையோ அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய பத்து லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) குமிழி முட்டை மேல் நேராகப் படாமல் பக்கத்தில் ஓட வேண்டும். முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, தண்ணீர் இளநீலமாகும் அளவுக்கு மெத்திலின் ப்ளூ மருந்து போதும். 28 டிகிரியில் இரண்டு, மூன்று நாளில் பொரிக்கும்.

எல்லா முட்டையும் வெள்ளையாகிவிட்டதே?

மொத்தமும் கருக்கட்டாமல் வெளுத்தால் இரண்டுமே பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். பெண்ணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து முட்டை போடுவது ஏஞ்சலில் சாதாரணம். பாதி வெளுத்தால் தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீர் மிகவும் கடினமாக இருந்தாலும் முட்டை கருக்கட்டுவது குறையும்; ஆர்ஓ தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பாருங்கள்.

குட்டிகளுக்கு அவித்த முட்டை மஞ்சள் கரு கொடுக்கலாமா?

கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரே இரவில் தண்ணீர் நாறிவிடும். பொரித்த குட்டி நான்கைந்து நாள் தன் வயிற்றுப் பையில் உள்ள மஞ்சள் கருவிலேயே வாழும், அதுவரை எதுவும் போடாதீர்கள். நீந்த ஆரம்பித்த அன்றே ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகை உயிரி) குஞ்சு கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல்லுப்பு கரைத்து, காற்று ஓட்டி, ஆர்டீமியா முட்டையைப் போட்டால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிக்கும். வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை கொடுக்கலாம். வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் போதும், மற்றவை குட்டிகளை இழுத்துவிடும்.

நியான் டெட்ரா என்ற சின்ன மீனுடன் சேர்த்து வைக்கலாமா?

வளர்ந்த ஏஞ்சலுக்கு அது தீனி. டைகர் பார்ப் என்ற மீன் அதற்கு நேர்மாறு: ஏஞ்சலின் துடுப்பைக் கடித்துக் குதறும். இரண்டும் வேண்டாம்.

பிளாக் லேஸ் என்ற நிற வகை ஏஞ்சல் இரண்டை ஜோடி சேர்த்தேன். முழுக் கறுப்பு, லேஸ், வெள்ளிக்கோடு என மூன்று விதமாகக் குட்டிகள் வருகின்றனவே?

அப்படித்தான் வர வேண்டும். லேஸ் மீனிடம் கறுப்பு மரபணு ஒன்றுதான் இருக்கும். இரண்டு லேஸ் சேர்ந்தால் கால்வாசி முழுக் கறுப்பு, பாதி லேஸ், கால்வாசி சாதா வெள்ளி. முழுக் கறுப்புக் குட்டிகள் பெரும்பாலும் கொஞ்சம் நோஞ்சான்கள், மெதுவாகத்தான் வளரும். அவற்றைத் தனித் தொட்டியில் வைத்து, மற்றவை பிடுங்காதபடி தீனி கொடுங்கள். கறுப்போடு கறுப்பைச் சேர்ப்பதைவிட, கறுப்புக்கு நல்ல திடமான வெள்ளி மீனைச் சேர்த்துப் பாருங்கள்; குட்டிகள் எல்லாமே லேஸாக வரும்.