மணியில் வெள்ளி: வாசகர் கேள்விகள்

கேள்வி (தில்லி மயூர் விஹார் வாசகி): ஸ்வீட் மேல் ஒட்டும் வெள்ளி வர்க்கை வாங்கி, டார்ச்சில் (கண்ணாடி உருக்கும் கேஸ் சுடரில்) செய்த கண்ணாடி மணியில் உருட்டினேன். மறுபடி சுடரில் காட்டியதும் வெள்ளி போய், மஞ்சள் கறைதான் மிஞ்சியது. வர்க் போலியா?

பதில்: போலியாக இருந்தால் அந்த மஞ்சள் வந்திருக்காது. அலுமினியத் தாள் அப்படிக் கறை போடாது. உங்களுடையது வெள்ளியேதான், ஆனால் கனம் போதவில்லை.

வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும். டார்ச் சுடரின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். வர்க் ஒரு மைக்ரான் கனம்கூட இல்லாதது. சுடர் நேராகப் பட்டால் கொஞ்சம் பொடித் துளிகளாகச் சுருண்டுகொள்ளும், மிச்சம் கண்ணாடிக்குள் இறங்கிவிடும். இறங்கிய வெள்ளிதான் மஞ்சளாகத் தெரிகிறது. ஐரோப்பியத் தேவாலயச் சன்னல்களில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்து மஞ்சள் ஏற்றியது இதே வித்தையால்தான். உங்களுக்குக் கோளாறு, அவர்களுக்கு அது வேலை!

வர்க்கை விட்டுவிட்டு, கனமான வெள்ளி ஃபாயில் வாங்குங்கள். மணியின் சுற்றளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு பட்டை வெட்டி, காற்றில் பறக்காதபடி கிராஃபைட் பலகைமேல் விரித்து வையுங்கள். மணிக்கு உருக்கொடுத்து முடித்ததும் சுடரைவிட்டு வெளியே எடுத்து, மணி இருக்கும் கம்பியைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். செந்தணல் நிறம் மங்கி, கண்ணாடியின் சொந்த நிறம் தலைகாட்டும் அந்த நேரம்தான் கணக்கு. அப்போது பட்டைமேல் உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். முந்தினால் ஃபாயில் சுருங்கிக் கிழியும். பிந்தினால் ஒட்டாமல் செதில் செதிலாக உதிரும். டிடிமியம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டால் சூடான கண்ணாடியிலுள்ள சோடியத்தின் மஞ்சள் ஒளி மறைந்து, தணல் மங்குவது தெளிவாகத் தெரியும். அது இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்வதால்தான் பலருக்கு வெள்ளி நிற்பதில்லை.

உருட்டியதும் ஓரங்களைக் கிராஃபைட்டால் அழுத்தித் தேயுங்கள். தூக்கிக்கொண்டு நிற்கும் ஓரம்தான் முதலில் கருகும். பிறகு சுடரின் கடைசி நுனியில் மட்டும் சூடு காட்டுங்கள். மேலே தெளிந்த கண்ணாடி போர்த்துவதானால் சூடு முழுவதும் போர்த்தும் கண்ணாடிக் கோலின் நுனிக்குப் போக வேண்டும், வெள்ளிக்குப் போகக்கூடாது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட்டால் அங்கே காற்று சிக்கி, சாம்பல் நிறத்தில் கோடு விழும்.

அடி நிறத்தையும் பாருங்கள். கடல்நீலம், கத்தரிப்பூ நிறம் போன்ற தெளிந்த அடர் கண்ணாடியில் வெள்ளி பளிச்சென்று இருக்கும். தந்த நிறத்தில் பழுப்பும் கறுப்புமாகக் கோடு விரியும். சிலர் அதற்காகவே தந்த நிறத்தைத் தேடி வாங்குகிறார்கள்.

கேள்வி (கரோல் பாக் வாசகர்): 925 வெள்ளிக் கம்பியைச் சுற்றினால் கறுத்துப்போகிறது. கினாரி பஜார் ஜரிகைக் கம்பி சரிப்படுமா?

பதில்: ஜரிகை வேண்டவே வேண்டாம். அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி வெள்ளி முலாம் பூசிய செம்பு, இல்லையென்றால் பாலியஸ்டர். 925-லும் 7.5 சதவீதம் மற்ற உலோகம், பெரும்பாலும் செம்பு. சுடரில் கறுப்பது அந்தச் செம்புதான். பக்கத்திலேயே தரீபா கலானில் 999 (சுத்த வெள்ளி) என்று சொல்லி, 0.25 முதல் 0.3 மில்லிமீட்டர் கம்பி கேளுங்கள். வெறுமனே ‘சாந்தி கா தார்’ (வெள்ளிக் கம்பி) என்று இந்தியில் கேட்டால் 925-ஐ நீட்டிவிடுவார்கள்.

கம்பியின் நுனியை மணியின் சூடான இடத்தில் குத்தி, சுடருக்கு வெளியே சுற்றுங்கள். மறுநுனியையும் அழுத்திவிட்டு மெல்லச் சூடு காட்டினால் கம்பி அறுந்து அறுந்து முத்து முத்தாக நிற்கும். கம்பியை இடுக்கியால் பிடியுங்கள்; வெள்ளி சூட்டை விரலுக்கு உடனே கடத்திவிடும். தடித்த கம்பியைக் கண்ணாடிக்கு அடியில் புதைக்காதீர்கள். டார்ச் மணிக்குப் பயன்படும், எளிதில் இளகும் மென்கண்ணாடியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வெள்ளி சூட்டில் விரியும், ஆறும்போது அதே அளவுக்குச் சுருங்கும். மணியில் அன்றைக்கே விரிசல் விழாவிட்டாலும் அடுத்த வாரம் விழும்.

கேள்வி (ஆர்.கே.புரம் வாசகி): டார்ச் கிடையாது. உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகரின் கண்ணாடி மணிகள் வைத்திருக்கிறேன். சமையல் கேஸில் சுட்டு வெள்ளி ஒட்டலாமா?

பதில்: கூடாது. ஆறிய மணியைத் திடீரென்று சுட்டால் தெறித்துவிடும், கண்ணுக்கு ஆபத்து. சிறிய மின்சூளை இருந்தால் வெள்ளிக் களிமண் (வெள்ளிப் பொடியைப் பிசைந்த களி, சுட்டால் வெள்ளியாகும்) உண்டு: சுமார் 650 டிகிரியில் அரைமணி நேரம் சுடும் வகையை வாங்குங்கள். சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும். அந்தச் சூட்டில் மென்கண்ணாடி இளகத் தொடங்குவதால் மணியைச் சூளைத் தரையில் வைக்காமல் கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள். களிமண் சுமார் 10 சதவீதம் சுருங்கும், மணி சுருங்காது. ஆகவே முழு வளையமாகச் சுற்றினால் வெடிக்கும். கொடி, இலை, புள்ளி என்று துண்டு துண்டாக ஒட்டுங்கள். சூட்டை இறக்கும்போது 510 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல ஆறவிடுங்கள். ஒரு மணியைப் பலி கொடுத்துப் பார்த்துவிட்டு மற்றதைச் சுடுவது நல்லது. சூளையும் இல்லையென்றால் இரு முனைக்கும் வெள்ளிக் குமிழ் வைத்துக் கோப்பதே அழகு.

கேள்வி (இன்னொரு வாசகி): ஃபிரோசாபாத் கண்ணாடிக் கோலும் இறக்குமதிக் கோலும் கலக்கலாமா?

பதில்: சோதித்துவிட்டுக் கலக்குங்கள். இரண்டு கோலின் நுனியையும் உருக்கிப் பக்கவாட்டில் ஒட்டி, மெல்லிய நூலாக இழுங்கள். ஆறியபின் நூல் நேராக நின்றால் சேரும். வில்லாக வளைந்தால் சேராது.

கேள்வி (துவாரகா வாசகர்): மேலே தெரியும் வெள்ளி மாதக்கணக்கில் கறுக்கிறதே?

பதில்: காற்றில் உள்ள கந்தகம்தான் காரணம். கண்ணாடி போர்த்திய வெள்ளிக்கு இந்தத் தொல்லை இல்லை. கறுத்ததைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டு வெள்ளி விளக்குக்குச் செய்வதுபோல் துளி திருநீற்றைப் பருத்தித் துணியில் தொட்டு, அழுத்தாமல் துடையுங்கள். பிறகு ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். ரப்பர் பேண்டு மட்டும் போடாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு.