முதலில் கோப்புகள், பிறகு லினக்ஸ்

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், கோயில் கொடை விழா நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். 2016இல் வாங்கிய கணினி, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 இதில் ஏறாது, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் போட்டால் ஓடுமா? தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின விரல் எனக்கு. இனிமேல் வேறு முறை படிக்க முடியாது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

ஓடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சிப்பாவது கேட்கிறது. 2016இல் அது வரவே இல்லை. அதனால் உங்கள் கணினி கெட்டுப்போனதாக ஆகாது. லினக்ஸில் ஒரு வகையான மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்புக்கு 4 ஜிபி போதும். விரலைப் பற்றியும் கவலை வேண்டாம். ஐபஸ் எம்17என் என்ற இலவசத் தட்டச்சுப் பொதியில் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையோடு டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. ஒன்றிரண்டு குறிகள் இடம் மாறியிருக்கலாம், பழகிவிடும்.

எனக்குக் கவலை உங்கள் பழைய கோப்புகள்தான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவது தமிழே அல்ல: ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இருக்கிறவரை கண்ணுக்குத் தமிழ். அது போனால் வெறும் கிறுக்கல். நான் 2003இல் அப்படி ஓர் எழுத்துருவில் அடித்த கதைகள் பத்து வருஷம் வாசிக்க முடியாமல் கிடந்தன. அம்மா சொல்லச் சொல்ல எழுதிய இரண்டு தாலாட்டும் அதற்குள் மாட்டிக்கொண்டன. நம் எழுத்தை நாமே திறக்க முடியாத வேதனை உங்களுக்கு வர வேண்டாம்.

ஆகவே முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே பதியும் பொதுக் குறியீட்டுக்கு, மாற்றுங்கள். ஊராருடைய பத்திரங்களை இணையத்தில் ஒட்டி மாற்றாதீர்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் உங்கள் கணினியிலேயே மாற்றித் தரும். பைத்தான் நிரல்மொழி தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவர் ஒருநாள் உட்கார்ந்தால் போதும். மாற்றிய பிறகு ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் வரி வரியாகச் சரிபாருங்கள்.

மனு அடிக்க லினக்ஸில் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருள் தாராளம். கொடை நோட்டீஸை அச்சகம் விண்டோஸில் ஓடும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் கேட்கிறது என்றால் விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில் லினக்ஸை நிறுவுங்கள். ஆதரவு நின்றுபோன விண்டோஸுக்குப் பாதுகாப்பு குறைவு என்பதால், அதற்குள் போகும்போது மட்டும் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள்.

சித்திரைக் கொடை நெருக்கடியில் கை வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் கடை ஓய்ந்திருக்கும்போது மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே திறந்து, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். வரவில்லையென்றால் பிரிண்டர் மாடலைக் குறித்து எழுதுங்கள்.