ஓஃப்-பீக் சுடுதண்ணி டாங்க் ஏன் ட்ரிப் ஆகுது? கேளுங்கோ, சொல்லுறன்

வணக்கம். நான் சிட்னி மேற்குப் பக்கம் லைசென்ஸ் எடுத்த எலெக்ட்ரிஷியன், 19 வருசமா இதே வேலை. இங்க குளிர்காலமான யூன், யூலை வந்தா எனக்கு வாற கோல்ல பாதி, "விடிய எழும்பினா பச்சைத்தண்ணி, போர்ட்ல பிரேக்கர் விழுந்து கிடக்கு" எண்டுதான். இண்டைக்கு இதைப் பற்றிக் கேளுங்கோ.

கேள்வி (பென்டில் ஹில்): அண்ணா, விடிய 8 மணிக்கு பிரேக்கரை நிமித்திப் போட்டா பகல் முழுக்க நிக்குது. அடுத்த நாள் விடியப் பாத்தா திரும்பவும் விழுந்திருக்கு. மூண்டு நாளா இதே கதை. ஏன் இரவில மட்டும்?

பதில்: தம்பி, பகல்ல அந்த வயர்ல கரண்டே இல்லை, அதாலதான் நிக்குது. ஓஃப்-பீக் எண்டா மலிவு நேரக் கரண்ட், வீட்டு லைனுக்குப் புறம்பா ஒரு லைன், மீற்றர் பக்கத்தில ரிலே எண்டு தூரத்தில இருந்து போடுற ஒரு சுவிச் இருக்கும், நெட்வேர்க் காரர் (கரண்ட் லைன் நடத்துற கொம்பனி) இரவில அந்த ரிலேயைப் போடேக்கதான் டாங்குக்கு 230 வோல்ட் போகும். அந்த நிமிசம் பிழை தெரியும், பிரேக்கர் விழும், நீங்கள் நித்திரை. காலமை நிமித்திப் போட்டிட்டு "சரியாகிட்டுது" எண்டு நினைக்கிறது ஒரு சோதனையே இல்லை.

முதல்ல விழுந்தது என்ன சாமான் எண்டு பாருங்கோ. அதில ரெஸ்ட் (TEST) எண்டு ஒரு சின்ன பட்டன் இருந்தா அது சேஃப்டி சுவிச், கரண்ட் எங்கயோ ஏர்த்துக்கு ஒழுகுது எண்டு அர்த்தம், பெரும்பாலும் டாங்குக்குள்ள தண்ணியைச் சூடாக்கிற எலிமென்ற்தான். எலிமென்ற்ற குழாய்க்குள்ள ஒரு கம்பிச்சுருளும் அதைச் சுத்தி வெள்ளைப் பவுடரும் இருக்கும், மக்னீசியம் ஒக்சைட். குழாயில ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலே தண்ணி உள்ள போய் பவுடர் நனைஞ்சிடும். பட்டன் இல்லாத வெறும் பிரேக்கர் எண்டா கரண்ட் கூட இழுக்குது, இல்லாட்டி பிரேக்கரே சூடாகுது. 3.6 கிலோவாட் எலிமென்ற் கிட்டத்தட்ட 16 ஆம்ப் இழுக்கும், 4.8 எண்டா 21. யாரோ எலிமென்ற்றை மாத்தேக்க பெரிசைப் போட்டிட்டு பழைய 16 ஆம்ப் பிரேக்கரை அப்பிடியே விட்டிருப்பினம், அது கொஞ்ச நேரம் தாங்கி நிண்டிட்டுத்தான் விழும். ஸ்குரூ லூசா இருந்து அந்த இடம் சூடாகினாலும் இதே மாதிரித்தான், பிளாஸ்டிக் கருகின மணம் வந்தா அதைத் திருப்பிப் போடவே கூடாது.

ஒரு தரம் நிமித்திப் போடலாம். திரும்ப விழுந்தா போடாமல் அப்பிடியே விடுங்கோ. இதை இண்டைக்கு கனதரம் சொல்லுவன்.

கேள்வி (வென்ட்வேர்த்வில்): போன மாசம் பழைய ஃபியூஸ் போர்டை எடுத்திட்டு புதுசு போட்டது. அண்டையில இருந்துதான் ஹொட் வோட்டர் ட்ரிப் ஆகுது. அந்த ஆள் பிழையா வயர் குடுத்திட்டாரோ?

பதில்: அவரில பிழை இருக்காது எண்டுதான் நினைக்கிறன். பழைய பீங்கான் ஃபியூஸுக்கு ஒழுக்குத் தெரியாது. 2018 வயரிங் விதிப்படி புது போர்ட்ல டாங்குக்கும் சேஃப்டி சுவிச் போடவேணும், அது 30 மில்லி ஆம்புக்குள்ளயே விழும். உங்கட எலிமென்ற் முந்தியும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது, இப்பதான் ஒருத்தன் காவலுக்கு நிக்கிறான். அவரைக் கூப்பிட்டு சேஃப்டி சுவிச்சைக் கழட்டச் சொல்லிப்போடாதேங்கோ, எலிமென்ற்றை மாத்துங்கோ.

கேள்வி (டூங்காபி): அண்ணே, ஆறு வாரம் மதுரை போயிருந்தோம், கிளம்பும்போது டாங்க்கை ஆஃப் பண்ணிட்டுப் போனேன். வந்து போட்டா அன்னைக்கு ராத்திரியே ட்ரிப். போகும்போது நல்லா இருந்துச்சே?

பதில்: இது ஜனவரி கடைசியில, லீவு முடிஞ்சு ஆக்கள் வரேக்க நிறைய வரும். அந்த வெள்ளைப் பவுடர் ஈரத்தை இழுக்கும். தினம் சூடாகேக்க காஞ்சுகொண்டே இருக்கும், ஆறு வாரம் குளிர்ந்து கிடந்தா நுனிப் பக்கத்தால ஈரம் ஏறிடும். சிலவேளை எலெக்ட்ரிஷியன் பாத்து, காய வைச்சு எடுக்கலாம். பழசு எண்டா மாத்துறதுதான்.

இன்னொரு விசயம் நீங்கள் கேக்கேல்லை, ஆனா சொல்லோணும். டாங்க் ரெண்டு வாரத்துக்கு மேல பாவிக்காமல் கிடந்தா டாங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ள வைச்சிருக்கிற அனோட் கம்பியால ஹைட்ரஜன் வாயு சேரலாம். வந்த உடன சுடுதண்ணிப் பைப்பை சில நிமிசம் திறந்து விடுங்கோ, பக்கத்தில சிகரெட், விளக்கு, நெருப்பு ஒண்டும் வேண்டாம்.

கேள்வி (பிளாக்டவுன்): நீங்கள் எல்லாத்துக்கும் எலிமென்ற் எலிமென்ற் எண்டுறீங்கள். நான் மூடியைக் கழட்டி மல்டிமீற்றர் வைச்சுப் பாத்தன், 15 ஓம். 3.6 கிலோவாட்டுக்கு அது கணக்குச் சரி. எலிமென்ற் நல்லம், பிழை பிரேக்கரில.

பதில்: கணக்குச் சரி, முடிவு பிழை. 15 ஓம் எண்டது கம்பி அறுந்துபோகேல்லை எண்டு மட்டும்தான் சொல்லும். கம்பியில இருந்து ஏர்த்துக்கு ஒழுகுதா எண்டது வேற கேள்வி. அதுக்கு 500 வோல்ட் குடுத்துப் பாக்கிற மெகர் வேணும், உங்கட மீற்றர் சின்ன பற்றரியில ஓடுறது. எலிமென்ற்றுக்கு விதியில இருக்கிற ஆகக் குறைஞ்ச அளவு 10 ஆயிரம் ஓம். 230ஐ 10 ஆயிரத்தால பிரியுங்கோ, 23 மில்லி ஆம்ப். விதியில பாஸ் ஆகிற எலிமென்ற்றே சேஃப்டி சுவிச்சை விழுத்தலாம், ஏன் எண்டா அந்தச் சுவிச் 15க்கும் 30 மில்லி ஆம்புக்கும் இடையில எங்கயும் விழலாம்.

இப்ப எனக்குப் பெரிய கவலை அதில்லை. மூடியைக் கழட்டேக்க என்னத்தை நிப்பாட்டினீங்கள்?

பிளாக்டவுன்: வீட்டு மெயின் சுவிச். ரெஸ்டர் வைச்சும் பாத்தன், கரண்ட் இல்லை.

பதில்: ஐயோ. தயவு செய்து எல்லாரும் இதை வாசியுங்கோ. கன வீடுகளில ஓஃப்-பீக்குக்கு தனி மெயின் சுவிச். வீட்டு மெயினை விழுத்தினாலும் டாங்க் லைன் அப்பிடியே இருக்கும். ரெஸ்டர் கரண்ட் இல்லை எண்டு காட்டினது ரிலே திறந்திருந்ததால. அது எப்ப மூடும் எண்டது உங்கட கையில இல்லை, சில ஓஃப்-பீக் பிளான்ல மத்தியானமும் வரும். நான் வேலை பழகின காலத்தில, பகல் 11 மணி, ரெஸ்ட் பண்ணிப் பாத்தன், இல்லை. டாங்க் சுவிச்சை நிப்பாட்டிப் பூட்டாமல் வானுக்குப் போய் புது எலிமென்ற்றை எடுத்துக்கொண்டு வந்தன். பழக்கத்தில திருப்பி ஒருக்கா ரெஸ்டர் வைச்சன், 230. அந்த ஒரு பழக்கம் இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை.

கேள்வி (ஹோம்புஷ்): குறுக்க வர்றேன் சார். சென்னைல கீசர் காயில் நாங்களே மாத்துவோம், அரை மணி வேலை. இங்க மட்டும் என்ன இவ்ளோ பயமுறுத்தல்? ஆள் கூப்பிட்டா கால் அவுட் சார்ஜே கண்ணைக் கட்டுது.

பதில்: காசு வலிக்கும், விளங்குது. ஆனா சென்னைக் கீசர் கண்ணுக்கு முன்னால ஒரு சுவிச்சில நிக்கும், நிப்பாட்டினா நிண்டதுதான். இது வேற ஆள் தூரத்தில இருந்து போடுற லைன். டாங்க்ல 250 லீற்றர் 60 டிகிரித் தண்ணி, வடிக்காமல் எலிமென்ற் போல்டைக் கழட்டினா அது உங்கட மேலதான். நியூ சவுத் வேல்ஸில லைசென்ஸ் இல்லாமல் வயரிங் வேலையில கை வைக்கிறது சட்டப்படி குற்றமும்.

பிளாக்டவுன்: அப்ப நாங்கள் ஒண்டும் பாக்கக் கூடாதோ?

பதில்: பாக்கலாம், தொடத் தேவையில்லை. எது விழுந்தது, எத்தனை மணிக்கு, டாங்க் எத்தனை கிலோவாட் எண்டு ஸ்டிக்கரில இருக்கும், மூடிக்குக் கீழ தண்ணி கசியுதா, மழை நாளில மட்டுமா. இதை எழுதி வைச்சுச் சொன்னா வாற ஆளுக்கு அரை மணி மிச்சம், உங்களுக்குக் காசு மிச்சம்.

கேள்வி (ஓபர்ன்): பகல்ல நிக்குது இரவில விழுது...

பதில்: முதல் பதில்.

கேள்வி (செவன் ஹில்ஸ்): மழை பெஞ்சாத்தான் ட்ரிப்.

பதில்: பெரும்பாலும் வெளிச்சுவர் சுவிச்சுக்குள்ள தண்ணி. திறக்காதேங்கோ, ஆளைக் கூப்பிடுங்கோ.

கேள்வி (கிரான்வில்): டாங்க் பக்கத்துக் குழாயால சொட்டுச் சொட்டா ஒழுகுது, அதாலதான் ட்ரிப் ஆகுதோ?

பதில்: வால்வ்ல இருந்து வெளியில போற குழாய் எண்டா பெரும்பாலும் இல்லை. தண்ணி சூடாகேக்க பெருக்கும், 250 லீற்றர் டாங்க்ல ஒரு நாளைக்கு 5 லீற்றர் வரை வாறது சாதாரணம். அதை அடைச்சுப்போடாதேங்கோ, டாங்க் வெடிக்காமல் காக்கிறதே அந்த வால்வ்தான். எலிமென்ற் மூடிக்குள்ள இருந்து வந்தா வேற கதை, கஸ்கெற் (தண்ணி கசியாமல் அடைக்கிற வளையம்) போயிட்டுது.

கேள்வி (மெரிலண்ட்ஸ்): சோலாரில பகல்ல டாங்க்கை ஓட்டலாமா? ஹீற் பம்ப் நல்லமா?

பதில்: இண்டைக்கு அதுக்குள்ள போகேல்லை. ஓட்டினாலும் தண்ணி 60 டிகிரிக்கு ஏறவேணும், லெஜியோனெல்லாக் கிருமி பொல்லாதது.

கேள்வி (ஓபர்ன்): நாலு தரம் நிமித்திப் போட்டன், ஐஞ்சாம் தரம் நிண்டிட்டுது, இனி சரிதானே?

பதில்: எத்தனை மணிக்கு? பகல் எண்டா முதல் பதில். தயவு செய்து ஆறாம் தரம் போடாதேங்கோ.

கேள்வி (பென்டில் ஹில்): அண்ணா, பாத்தன், பட்டன் இருக்கு. ஆள் வியாழன்தான் வருவாராம். வீட்டில ஒரு வயசுப் பிள்ளை. அதுவரைக்கும் என்ன செய்ய?

பதில்: டாங்க் பிரேக்கரை நிப்பாட்டியே விடுங்கோ, "போடாதே" எண்டு எழுதி அதிலயே ஒட்டுங்கோ, இல்லாட்டி வீட்டில வேற ஆள் நிமித்திப்போடும். பிள்ளையைக் குளிப்பாட்ட கேத்தில்ல சுடவைச்சு எடுங்கோ, முதல்ல பச்சைத்தண்ணி ஊத்திப்போட்டுத்தான் சுடுதண்ணி, பானையோட பிள்ளை நிக்கிற பக்கம் நடக்காதேங்கோ. வாற ஆளிட்ட மெகர் ரீடிங் எவ்வளவு எண்டு கேளுங்கோ, வேலை முடிஞ்சா சேர்ட்டிபிகேட்டும் கேட்டு வாங்குங்கோ.